விசைக்குள்ளே – 6
மேடு எங்கே, இறக்கம் எவ்வளவு?

சென்ற வாரம் பார்த்த லீனியர் ஸ்விட்ச்சில் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு சீராக ஏறிக்கொண்டே போகும். எழுத்து எந்த இடத்தில் பதிவானது என்று விரலுக்குத் தெரியாது. டாக்டைல் ஸ்விட்ச் அதைச் சொல்லிவிடும். வழியில் ஒரு மேடு தட்டும், தாண்டியதும் எதிர்ப்பு சட்டென்று விழும். பழகிய விரல் அதற்குமேல் அடிவரை இடிக்காது.

அந்த மேடு எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் செய்யும் எம்எக்ஸ் பிரவுனின் மேல்மூடியைக் கழற்றினால் விடை கண்ணுக்கே தெரியும். நடுவில் விசையோடு சேர்ந்து இறங்கும் பழுப்பு நிற ஸ்டெம், அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு கால்கள். அவைதான் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைத் தள்ளிப் பிடித்திருக்கின்றன. விசை இறங்கினால் கால்களும் இறங்கும். தகடு விடுபட்டு எதிர்த் தகட்டைத் தொடும். சுமார் 2 மி.மீ. ஆழத்தில் எழுத்து பதிவாகிவிடும். முழு ஓட்டம் 4 மி.மீ. அதே செர்ரியின் லீனியரான ரெட்டில் இந்தக் கால்கள் வழவழப்பான சரிவு. பிரவுனில் அதே சரிவில் ஒரு சின்னப் புடைப்பு. இன்னொரு செர்ரி டாக்டைலான கிளியரில் அந்தப் புடைப்பு இன்னும் பெரிது.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது எடையைத்தான். பிரவுனின் மேட்டைத் தாண்ட ஏறக்குறைய 55 சென்டிநியூட்டன், கிளியருக்கு 65. ஒரு சென்டிநியூட்டன் என்பது கிட்டத்தட்ட ஒரு கிராம் எடை. தாளில் பத்துதான் வித்தியாசம். விரலுக்கோ இரண்டும் வேறு வேறு ஜாதி. பிரவுனை 'மணல் விழுந்த ரெட்' என்று கீபோர்டு பிரியர்கள் கேலி செய்வதுண்டு. கிளியரை அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். மேட்டின் உச்சிக்கும் அடுத்து வரும் இறக்கத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் விரல் உணர்கிறது. அந்த இடைவெளியை எடை மட்டும் காட்டாது.

இதற்குச் சாட்சி 'எர்கோ கிளியர்'. கிளியரின் கனத்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இலேசானதைப் போட்டுப் பிரியர்களே உருவாக்கியது இது. கை வலி குறையும், மேடு அப்படியே நிற்கும். ஆனால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி இலேசானால், திரும்பி எழும்போது ஸ்டெம் அதே மேட்டில் சிக்கிக்கொள்ளும். புடைப்பும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

மேடு எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். பிரவுனில் சற்று இறங்கிய பிறகே அது வரும். ஹோலி பாண்டாவில் அழுத்தத் தொடங்கியதுமே உருண்டையாக எழும். ஹேலோ ஸ்விட்ச்சின் ஸ்டெம்மை பாண்டா ஸ்விட்ச்சின் கூட்டுக்குள் பொருத்திப் பார்த்ததில் பிறந்த கலப்பு அது. கிராக்கி ஏறவே, டிராப் நிறுவனம் அதைத் தானே தயாரித்து விற்றது.

ஜப்பானின் டோப்ரே முற்றிலும் வேறு வழியில் போனது. அதில் உலோகத் தகடே இல்லை. ரப்பர் குமிழ் மடங்குவதுதான் மேடு. அடியிலுள்ள கூம்பு ஸ்பிரிங் மின்தேக்கத்தை மாற்றி எழுத்தைப் பதிவு செய்கிறது. ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டின் புரொபஷனல் வகையில் இருப்பது இதுவே.

ஒப்பிடும்போது எடையைவிட, ஆழத்துக்கு ஏற்ப எதிர்ப்பு மாறுவதைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்: உச்சி எங்கே, இறக்கம் எவ்வளவு, எழுத்து எங்கே பதிகிறது. மசகு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டெம்மின் கால்களை விட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய மேடு அங்கேதான் மழுங்கும்.

(அடுத்த வாரம்: ஐபிஎம் மாடல் எம் – வளைந்து ஒலிக்கும் ஸ்பிரிங்)