விமானியின் கையும் கணினியின் கணக்கும்: எம்எச்124 விட்டுச் சென்ற பாடம்

கோல சிலாங்கூர் – பள்ளி விடுமுறை வந்தால் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் வட்டாரத் தமிழர்கள் பலர் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் பறக்கின்றனர். அவர்களில் பலரைச் சுமந்து செல்லும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில், விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி நிற்கிறது.

பழைய விமானங்களில் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தால், மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் போல எஃகுக் கம்பி வழியாக அந்த அசைவு வால்வரை சென்றது. ‘ஃபிளை-பை-வயர்’ முறையில் அந்த அசைவு மின் சமிக்ஞையாகக் கணினிக்குப் போகிறது. கணினி கணக்கிட்டு, இறக்கையிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைக்க ஹைட்ராலிக் கருவிகளுக்குக் கட்டளையிடுகிறது. 1988-இல் சேவைக்கு வந்த ஏ320 இதை டிஜிட்டல் முறையில் கொண்டுவந்த முதல் பயணிகள் விமானம். போயிங் நிறுவனத்தின் 777 விமானம் 1995-இல் வந்தது.

இதன் பெரிய நன்மை பாதுகாப்பு. பதற்றத்தில் விமானி தண்டை முழுமையாக இழுத்தாலும், மூக்கு அளவுமீறி உயர்ந்து இறக்கை தாங்குவிசையை இழந்துவிடாதபடி ஏ320 கணினி தடுக்கும். 67 பாகைக்கு மேல் பக்கவாட்டில் சாயவும் விடாது. போயிங் 777-இல் கணினி எதிர்த்து நிற்கும்; விமானி கூடுதல் பலம் கொடுத்து அதை மீறலாம்.

ஆனால் தராசு தவறாகக் காட்டினால் கிராணியின் கணக்கும் தவறாகத்தான் முடியும். கணினியும் அப்படித்தான்.

2005 ஆகஸ்டு 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய ஏர்லைன்ஸ் எம்எச்124, போயிங் 777 விமானம். சுமார் 38,000 அடி உயரத்தில், வேகம் குறைவு என்றும் அதிகம் என்றும் ஒரே நேரத்தில் திரை காட்டியது. மூக்கு உயர்ந்து, விமானம் சுமார் 41,000 அடிவரை ஏறியது. வேகம் 270 நாட்டிலிருந்து 158 நாட்டாகச் சரிந்தது. விமானி தானியங்கி ஓட்டியைத் துண்டித்து, மூக்கைத் தாழ்த்தி, தம் கையால் ஓட்டி விமானத்தை பெர்த் நகரிலேயே பத்திரமாகத் தரையிறக்கினார்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை காரணத்தைக் கண்டறிந்தது. விமானத்தின் அசைவை அளக்கும் கருவிப்பெட்டியில் ஓர் உணரி 2001-லேயே பழுதாகி ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று இன்னோர் உணரியும் பழுதாக, மென்பொருள் குறையால் அந்தப் பழைய உணரியின் பொய்த் தகவல் மீண்டும் கணக்கில் சேர்ந்தது. அதே மாதம், முந்தைய மென்பொருளுக்குத் திரும்பும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசர உத்தரவிட்டது.

இதனால்தான் ஒரே வேலைக்குப் பல கணினிகள் வைத்து, ஒன்றை மற்றொன்று சரிபார்க்கச் செய்கிறார்கள். தகவல் முரண்பட்டால் ஏ320-இன் பாதுகாப்புகளில் சில விலகி, பொறுப்பு விமானியிடம் வரும். அந்த நேரத்துக்காகவே விமானிகள் மாதிரி விமான அறையில் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்கிறார்கள்.