நம்ம இழப்பு டில்லி போய்ச் சேரணும்னா



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீடு, ஆடு மாடு எல்லாம் போச்சு.

தேசியப் பேரிடராக அறிவிக்கணும்னு அப்போ கேட்டோம். 2017-ல் ஒக்கிப் புயலின்போது குமரி மீனவர்களும் இதையேதான் கேட்டார்கள். அப்படி அறிவிக்கும் வழக்கமே இல்லை என்று மத்திய அரசு சொல்லிவிட்டது.

பின்னே பணம் எப்படி வரும்? மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 100 ரூபாய்க்கு 75 மத்திய அரசும் 25 மாநில அரசும் போடுகின்றன. அது போதாவிட்டால் மாநில அரசு இழப்புக் கணக்கோடு மனு கொடுக்கும். மத்தியக் குழு வந்து பார்க்கும். அப்புறம்தான் தேசிய நிதி. கேட்டதெல்லாம் வராது. அந்த டிசம்பர் புயலுக்கும் வெள்ளத்துக்குமாகத் தமிழ்நாடு கேட்டது சுமார் 38,000 கோடி. 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடிதான்!

அந்தக் கணக்கு கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பட்டியலில்தான் தொடங்குகிறது. நம்ம வலையும் ஆடும் அதில் ஏறலைன்னா மேலே யாருக்குத் தெரியும்? சேற்றை அள்ளுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுங்க. செத்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்க. விட்டுப்போனவர்களுக்காகக் குழுவாகவே திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், கிராம சபையிலும் தீர்மானம் போடலாம்.

மனு ரசீதைத் தீர்மான நோட்டில் ஒட்டி, நோட்டை பீரோவின் மேல்தட்டில் வையுங்க. போன தடவை கீழ்த்தட்டில் வைத்து நனைய விட்டவங்கதான் நாங்க.