சிலந்தியின் முன்னால் நின்று என்ன சொல்வது?

“உளவியல் சிகிச்சை என்று ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்குகிறார்கள். இதே பேச்சை டீக்கடையில் நண்பனிடம் பேசினால் இரண்டு டீ, ஒரு வடையோடு முடிந்துவிடுமே?” என்று திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் நக்கல் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது. இரண்டு நாற்காலி, சாத்திய கதவு, பேச்சு. அந்தப் பேச்சில் அப்படி என்னதான் நடக்கிறது?

மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும், அந்த நாற்காலி அதற்குத்தான் என்பது பலருடைய எண்ணம். முதலில் இதைக் கழித்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வுக்காக 600 கல்லூரி மாணவர்களுக்கு எரிச்சல் மூட்டினார். அவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொரு மாணவர் மட்டம் தட்டியிருப்பதாகக் காட்டினார். பிறகு சிலரை அந்த ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். சிலரை உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தச் சொன்னார். மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. சும்மா உட்கார்ந்தவர்கள் அவர்களைவிட அடங்கியிருந்தார்கள்.

வேல்ஸின் கார்டிஃப் நகரில் தீக்காயம் பட்டவர்களை வைத்துச் செய்து 1997இல் வெளியான ஆய்வு இன்னும் சங்கடமானது. காயம் பட்ட சில நாட்களிலேயே ஒரு பகுதியினரை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் விவரிக்க வைத்தார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சியின் பின்விளைவான மனநோய் இருந்தது. மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. பேசவைக்கப்பட்டவர்களின் காயம் ஆரம்பத்திலேயே கொஞ்சம் கடுமையானது என்ற ஆட்சேபம் உண்டு, சரியான ஆட்சேபம்தான். ஆனாலும் பேச்சு உதவியது என்று எந்தக் கணக்கிலும் காட்ட முடியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்துக்குக் கவுன்சலிங் குழுக்கள் கிளம்பி வந்த நேரத்தில், ஒரே அமர்வில் துயரத்தைத் தோண்டி எடுக்கும் இந்த முறை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

ஆகப் பேச்சிலும் பல ரகம் இருக்கிறது. இங்கே ஒரே ஒரு ரகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. 30 பேர். மூளையின் இயக்கத்தைப் படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். ஒரு சுற்றில் முகத்துக்குக் கீழே இரண்டு உணர்ச்சிச் சொற்கள் இருக்கும். பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு சுற்றில் ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர். முகத்துக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். முகம் அதேதான், வேலையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது மட்டும், ஆபத்து வாடையை முதலில் பிடிக்கும் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. வலது நெற்றிப்பொட்டுப் பக்கம் இருக்கும் முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கியது. இது ஏறினால் அது இறங்கியது. “அமைதியாக இருங்கள்” என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களும் அமைதியாக முயலவில்லை. பெயரை மட்டும்தான் பொருத்தினார்கள்.

மூளைப் படத்தைக் காட்டினால் எதையும் நம்பிவிடக் கூடாது. 2009இல் அமெரிக்காவில் ஒரு குழு செத்துப்போன சால்மன் மீனை இதே வகைக் கருவிக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் ‘காட்டியது’. கணக்கைச் சரியாகத் திருத்தாவிட்டால் அந்த மீனின் மூளையும் ஒளிர்வதாகத் தெரிந்தது. அதனால் படத்தைவிட எனக்குப் பிடித்தது, அதே பல்கலைக்கழகத்தில் கதரீனா கிர்கான்ஸ்கி, லீபர்மன், மிஷெல் கிராஸ்கி ஆகியோர் நடத்தி 2012இல் வெளியிட்ட சிலந்தி ஆய்வு.

சிலந்தி என்றால் நடுங்கும் 88 பேர். எதிரே உயிருள்ள டரான்டுலா. கையகலம், உடம்பெல்லாம் மயிர். அதன் முன்னால் உட்கார வைத்து நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு, உள்ளே இருப்பதை அப்படியே சொல்ல வேண்டும்: இந்த அருவருப்பான சிலந்தி என் மேல் தாவிவிடுமோ என்று எனக்குப் பதற்றமாக இருக்கிறது, என்கிற மாதிரி. இரண்டாவது குழு தேற்றிக்கொள்ள வேண்டும்: அது சின்னப் பூச்சி, என்னை ஒன்றும் செய்யாது. மூன்றாவது குழு சிலந்திக்குச் சம்பந்தமே இல்லாத எதையாவது பேச வேண்டும். நான்காவது குழு பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லோரையும் மறுபடி ஒரு டரான்டுலாவை நெருங்கச் சொல்லி, உள்ளங்கை வியர்வையை அளந்தார்கள்.

முதல் குழுவுக்குத்தான் கை குறைவாக வியர்த்தது. மற்றவர்களைவிடச் சற்று அருகேயும் போனார்கள். அந்தக் குழுவுக்குள்ளேயே பயத்தைக் குறிக்கும் சொற்களை அதிகம் சொன்னவர்கள் அதிகம் தேறியிருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. “எவ்வளவு பயமாக இருக்கிறது?” என்று வாயால் கேட்டபோது நான்கு குழுவும் சொன்ன பதிலில் வித்தியாசம் இல்லை. உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது; ஆளுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

இதை வீட்டு நாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் ஏதோ சத்தம். நாய் குலைக்கிறது. நீங்கள் உள்ளே படுத்துக்கொண்டே “சும்மா இரு!” என்று கத்துகிறீர்கள். நாயின் கணக்கில் இப்போது நீங்களும் சேர்ந்து குலைக்கிறீர்கள். அது இன்னும் உற்சாகமாகிறது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடினாலும் குலைப்பு நிற்காது. வெளியே வந்து லைட்டைப் போட்டு, கேட்டுக்கு அப்பால் எட்டிப் பார்த்து, “மாடி வீட்டுப் பையன்டா, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றான்” என்று சொன்னால் நாய் இரண்டு தரம் உறுமிவிட்டுப் படுக்கிறது. நாய்க்குத் தமிழ் தெரியாது. நீங்கள் எழுந்து வந்ததும் பார்த்ததும்தான் அதற்குப் புரிகிறது. அமிக்டலாவுக்கும் மொழி தெரியாது. பெயரைத் தேடுவதற்காக முன்மூளை எழுந்து வந்ததுதான் அதற்குச் சேதி. சில வீட்டு நாய் பத்து வருஷத்துக்கு முன்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவரிடம் அடி வாங்கியிருக்கும்; இன்றைக்குக் கேஸ் சிலிண்டர் போட வருபவரைப் பார்த்தாலும் குலைக்கும். அதற்கு லைட் மட்டும் போதாது, சிலிண்டர்காரர் பலமுறை வந்து அடிக்காமல் போக வேண்டும். சில வீட்டில் நாய் குலைப்பதே இல்லை, செருப்பைக் கடித்துவைக்கிறது. இன்னும் நீட்டினால் நாய்க்குத் தடுப்பூசி அட்டவணை எழுத வேண்டிவரும் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

சிகிச்சை அறையில் இது எப்படி நடக்கும்? கற்பனையாக ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது, அரசு வேலை. வீட்டுக்குள் நுழைந்தாலே மகளைத் திட்டுகிறார், பிறகு ராத்திரி தூக்கம் வருவதில்லை.

“திட்டறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு சார்?”

“கோபம்தான் மேடம். எப்பப் பார்த்தாலும் போனு.”

“கோபம் வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி?”

“அது… ஒரு மாதிரியா இருந்துச்சு.”

“எங்கே?”

“நெஞ்சுல. அடைக்கிற மாதிரி.”

அன்றைக்கு இதோடு நிற்கும். நல்ல சிகிச்சையாளர் சொல்லை எடுத்துக் கொடுக்க அவசரப்பட மாட்டார். மூன்றாவது, நான்காவது வாரத்தில் அவரே சொல்லக்கூடும்: “நான் உள்ளே வந்தா தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டேங்குறா மேடம். இந்த வீட்டுக்கு நான் வேண்டாத ஆளாயிட்டேனோன்னு இருக்கு.” கோபம் என்ற பெயர் இருந்தவரை அவருக்குத் தெரிந்த வழி கத்துவது ஒன்றுதான். ஒதுக்கப்பட்ட வருத்தம் என்று தெரிந்தால் பக்கத்தில் போய் உட்காரலாம், கேட்கலாம், சும்மாகூட இருக்கலாம். தன்னைப் புரிந்துகொள்வது என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் பாதி இந்த மாதிரிச் சில்லறை வேலைதான். லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்ற உளவியலாளர்கள் இந்தப் பகுத்தறியும் திறனைப் பல காலமாக ஆராய்கிறார்கள். 2010இல் டாட் காஷ்டன் குழு மது குடிக்கும் இளைஞர்களைக் கவனித்ததில், தன் வேதனையை வகை பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள், மனம் மிகவும் கலங்கிய நேரங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகக் குடித்தார்கள்.

இப்போது டீக்கடை நண்பர். அவர் நல்லவர், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வழக்கமாக என்ன செய்வார்? “அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, சரியாயிடும்” என்பார். அது சிலந்தி ஆய்வின் இரண்டாவது குழு. “விடு, நேத்து மேட்ச் பாத்தியா?” என்பார். அது மூன்றாவது குழு. அல்லது உங்களைவிடச் சூடாகி, “அந்த ஆளு அன்னிக்கும் இப்படித்தான் பண்ணான்” என்று பழைய கணக்கையெல்லாம் எடுப்பார். கூட்டாகப் புழுங்கும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளிடம் அளந்தார். நட்பு நெருக்கமாக இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருந்தன. நண்பருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அதனால்தான் நீங்கள் அழுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் சிகிச்சையாளர் பயிற்சி எடுக்கிறார்.

வரலாறு சொல்லாமல் விட்டால் கடிதம் வரும் என்பதால்: வியன்னாவில் ஜோசஃப் பிராயரும் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட புத்தகத்தில் ‘அன்னா ஓ’ என்ற பெண் வருகிறார், பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்ததே அவர்தான். புத்தகத்தில் குணமான அந்தப் பெண், பெர்த்தா பாப்பன்ஹைம், நிஜத்தில் அதற்குப் பிறகும் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். பிற்காலத்தில் பெண்களுக்கான சமூகப் பணியில் பெயர் பெற்றார். கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1960களில் ஆரோன் பெக் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இவர்களுடைய சீடர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நோயாளிகள் எல்லா முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறுகிறார்கள்.

அந்த அளவு எவ்வளவு என்பதிலும் கவனம் வேண்டும். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை ஆய்வுகளில் அமெரிக்க அரசு நிதியில் நடந்தும் வெளியாகாமல் கிடந்தவற்றை 2015இல் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். பலன் இருக்கத்தான் செய்தது, ஆனால் முன்பு சொல்லிவந்ததைவிடக் கால்வாசி குறைந்தது. பெயர் சொல்வதும் சர்வரோக நிவாரணி இல்லை. எரிக் நூக் குழுவின் 2021 ஆய்வில், உணர்ச்சிக்குப் பெயர் வைத்தபின் அதை வேறு கோணத்தில் பார்க்க முயன்றவர்களுக்கு அந்த முயற்சி கடினமாகவே இருந்தது. பெயர் சீக்கிரம் ஒட்டிக்கொண்டால் உரிப்பது கஷ்டம் போலிருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் வண்ண வண்ண உணர்ச்சிச் சக்கரங்களையும், தினம் மூன்று தடவை ‘மூடு’ கேட்கும் செயலிகளையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்வது வேறு, ஒருவர் எதிரே உட்கார்ந்து, சொன்ன சொல் பொருந்தாமல் மாற்றி மாற்றித் தேடுவது வேறு.

போவதென்று முடிவெடுத்தால் சில நடைமுறைகள். கவுன்சலர் என்று பலகை மாட்ட நம் ஊரில் யாராலும் முடிகிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. காதில் குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம், நாள்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது என்றால் முதலில் மனநல மருத்துவர், பேச்சு அப்புறம். காசு இல்லை என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கிறது, தமிழிலும் பேசலாம். கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள் முதல் அமர்விலேயே கேட்டுவிடுங்கள்: எத்தனை வாரம் ஆகும், முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம், இல்லை என்றால் என்ன செய்வோம்? இதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறவரிடம் இரண்டாவது அமர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம்.