சுற்றுலா நாளில் ஆசிரியரின் தோள்பை

பள்ளிச் சுற்றுலா என்றதும் முதலில் இடத்தைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்து பேருந்து வாடகை, அதற்கடுத்து சாப்பாடு. எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் முந்தின நாள் மாலையில்தான் வருகிறது. அதுவும் மாணவர்கள் கொண்டுவர வேண்டியவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. ஆசிரியர் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை யாரும் எழுதிப் போடுவதில்லை. நாற்பது ஐம்பது பிள்ளைகளைக் காலை ஐந்து மணிக்கு ஏற்றி, இரவு பத்து மணிக்கு இறக்கிவிடும் நாளில் அந்தப் பைதான் முக்கியம். கங்கைகொண்டசோழபுரமோ, கீழடியோ, உதகையோ, எங்கே போனாலும் அந்தப் பையின் பெரும்பகுதி ஒன்றேதான்.

முதலில் வைக்க வேண்டியது ஒரு தாள்

மருந்துப் பெட்டிக்கும் முன்னால் பைக்குள் போக வேண்டியது பெயர்ப் பட்டியல். அலைபேசியில் இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. நாள் முழுவதும் படம் எடுத்த அலைபேசி மாலைக்குள் அணைந்துவிடும். மலைப்பாதையில் சிக்னல் இருக்காது. மழையில் நனையாதபடி உறையிலிட்ட காகிதப் பட்டியல் ஒன்று பொறுப்பாசிரியரிடம், இன்னொன்று உடன்வரும் ஆசிரியரிடம், மூன்றாவது பள்ளியில் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். ஏதாவது நேர்ந்தால் பெற்றோர் முதலில் ஓடிவருவது பள்ளி வாசலுக்குத்தான்.

பட்டியலில் பெயரும் வகுப்பும் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் இரண்டு தொலைபேசி எண்கள், இரத்த வகை, தொடர்ந்து எடுக்கும் மருந்து, ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளதா என்ற குறிப்பு ஆகியவை வேண்டும். பெற்றோர் ஒப்புதல் கடிதத்திலேயே இவற்றுக்கு இடம்விட்டு நிரப்பி வாங்கிவிடலாம். வகுப்பில் எல்லார் முன்னிலும் கேட்டால் எந்தப் பிள்ளையும் தனக்கு வலிப்பு வரும் என்று சொல்லாது. அம்மாவையோ அப்பாவையோ தனியே அழைத்துக் கேளுங்கள்.

அதே பட்டியலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பேருந்தில் ஏறியதும் தலைகளை எண்ணும் வழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. நாற்பத்தாறுக்கு நாற்பத்தைந்து வந்தால் ஒருவர் குறைகிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. பிள்ளைகள் தத்தம் எண்ணை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தால், குரல் நிற்கும் இடத்தில் காணாமற்போனவர் யார் என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். பத்துப் பேருக்கு ஒரு மாணவத் தலைவர் இருந்தால் இன்னும் எளிது. இதற்குத் துணையாக ஒரு விசில் வேண்டும். கூட்டம் நிறைந்த கோயில் பிராகாரத்தில் நம் குரல் எடுபடாது.

பிள்ளைகளின் கழுத்தில் தொங்கும் அட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் வெளிப்பக்கம் இருக்கட்டும். பிள்ளையின் பெயரை உட்பக்கம் எழுதுவதே நல்லது. முன்பின் தெரியாத ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால் சிறு பிள்ளைகள் தெரிந்தவர் என்று நம்பிப் போய்விடுவார்கள்.

மருந்து: எது நம் வேலை, எது அல்ல

முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, கட்டுத் துணி, ஒட்டும் பட்டை, கிருமிநாசினி, கத்தரி, முக்கோணத் துணி, கையுறை, வெப்பமானி ஆகியவை இருந்தால் போதும். பேருந்தில் ஒரு பெட்டி இருக்கும்தான். அதைப் புறப்படும் முன் திறந்து பாருங்கள். பல பெட்டிகளில் பாதிப் பொருள் காலாவதியாகியிருக்கும்.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. காய்ச்சல் என்றதும் பாரசிட்டமால் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். பிள்ளைகளுக்கு அது உடல் எடைக் கணக்கில் தரப்படுவது, ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம்தான். நம் கைப்பையில் இருக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை அந்தப் பிள்ளைக்கு மிகை. ஆகவே பெற்றோர் எழுத்தில் கொடுத்தனுப்பிய மருந்தைத் தவிர வேறு மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சலென்றால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். போகும் வழியில் எந்த ஊர்களில் அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதை முன்கூட்டியே பட்டியலின் பின்பக்கம் எழுதிக்கொள்வது நல்லது. 108, 112, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றையும் அங்கேயே எழுதிவிடலாம்.

மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் சட்டைப்பையிலோ ஆசிரியர் தோள்பையிலோ இருக்க வேண்டும். பேருந்தின் அடிப்பகுதியில் மூட்டைகளோடு பூட்டி வைத்தால் மூச்சுத் திணறும்போது கைக்கு வராது.

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் இப்போது நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றுலாவிலிருந்து விலக்கி வைப்பதற்குக் காரணமே இல்லை. சாப்பாடு தாமதமாகும் நாளில் சர்க்கரை அளவு இறங்கிவிடக்கூடும் என்பதை மட்டும் நாம் தெரிந்திருக்க வேண்டும். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து குடிக்கச் செய்து, கால் மணி நேரம் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். பிள்ளை மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 அழைக்க வேண்டும். ஆகவே தோள்பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் கட்டாயம். இன்சுலின் உடன் வருமானால் அதை வெயிலில் நிற்கும் பேருந்துக்குள் விட்டு இறங்கக் கூடாது. பனிக்கட்டி மேல் நேராக வைத்தாலும் கெட்டுவிடும். ஈரத் துணி சுற்றிய சிறு டப்பாவே போதும்.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் எந்தப் பயனும் இல்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வைத்து, சுற்றியுள்ள பொருள்களை விலக்கினால் போதும். பற்களுக்கிடையே கரண்டி, துணி எதையும் வைக்கக் கூடாது. கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் வேண்டும். மற்ற பிள்ளைகளை வேறு பக்கம் அழைத்துச் செல்லும் பொறுப்பை உடன்வரும் ஆசிரியர் எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரக் கூச்சப்படாது.

பேருந்து வாந்தி எல்லாச் சுற்றுலாவிலும் உண்டு. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. கண்ணோ முன் இருக்கையின் முதுகை மட்டும் பார்த்து அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிவருகிறது. வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் அமர்த்தி, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்வதில் பலன் இருப்பது அதனால்தான். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், மூடியுள்ள சிறு வாளி ஒன்றும், உள்ளே செய்தித்தாள் மடித்துவைத்த காகிதப் பைகளும், கொஞ்சம் மரத்தூளும் போதுமானவை.

தண்ணீரும் கழிப்பறையும்

ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. உறையில் உள்ள அளவைப் பார்த்தே கலக்க வேண்டும். பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கொட்டினால் உப்பு மிகுந்து தீங்காகிவிடும். கலக்கியதை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்க வேண்டாம். உரிய அளவுகளில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது.

ஆனால் தண்ணீர் கையில் இருந்தும் குடிக்காத பிள்ளைகள் உண்டு. சுற்றுலா நாளில் வளரிளம் பெண் பிள்ளைகள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. வண்டி எங்கே நிற்கும், அங்கே கழிப்பறை இருக்குமா, ஆண் ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்ற கவலை. மாலையில் தலைவலி, மயக்கம் என்று அவர்கள் சாயும்போது நாம் வெயிலைக் குறை சொல்கிறோம். இதற்குத் தீர்வு பையில் இல்லை, பயணத் திட்டத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள இடத்தில் வண்டி நிற்கும் என்பதை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். கேட்காமலே நிற்கும் என்று தெரிந்தால்தான் அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

பையின் பங்கும் உண்டு. சானிட்டரி நாப்கின்கள், பழைய செய்தித்தாள், ஒரு சோப்பு, அடர்நிறத் துணிப் பை, மாற்றுடை இரண்டு, கட்டணக் கழிப்பறைக்கான சில்லறை. புதுயுகம் திட்டத்தின் நாப்கின்கள் பள்ளியில் இருக்கின்றன, அவற்றிலிருந்தே எடுக்கலாம். இந்தப் பை ஆசிரியை ஒருவரிடம் இருக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது என்பது எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதன்முறையாகப் பூப்பெய்துவது சுற்றுலா நாளிலும் நடக்கலாம். அப்போது அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பதற்றப்படாத ஒரு பெரியவரின் முகம்.

கட்டுச்சோறு பற்றி ஒரு வரி: எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், நல்லெண்ணெய் தடவிய இட்லியும் மிளகாய்ப் பொடியும் தாங்கும். தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் கெட்டுவிடும்.

இடத்துக்கு ஏற்ற கூடுதல்

தஞ்சை, கங்கைகொண்டசோழபுரம் போன்ற கோயில்களுக்குப் போனால் தடித்த காலுறை எடுத்துவரச் சொல்லுங்கள். நண்பகலில் கற்தளத்தில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் சிற்பத்தைப் பார்ப்பதில்லை, நிழலைத்தான் தேடுகிறார்கள். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் காலுறையும் வேண்டாம்.

மலைக்குப் போனால் கணக்கு வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சுமார் 1,900 மீட்டர் ஏறுகிறோம். அப்படியானால் பன்னிரண்டு டிகிரி குறைவு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கணக்காகக் கொடுத்தால் குல்லாயும் ஸ்வெட்டரும் ஏன் என்று அவர்களே சொல்வார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு, உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை. அதன் அச்சுப்படியும் வாகன ஆவணங்களின் நகல்களும் பையில் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களை நீலகிரிச் சோதனைச் சாவடிகளில் வாங்கிவைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் பட்டியல்

மாணவர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் பட்டியல்தான் மிகவும் யோசித்து எழுத வேண்டியது. ஷூ, ஸ்வெட்டர், துவாலை, தொப்பி, குடை, பயணப் பை, செலவுக்குப் பணம் என்று நீண்டால் தினக்கூலிக்குப் போகும் வீட்டில் அது இன்னொரு கடன். கட்டணத்தைக் கட்டிய பிறகும் கடைசி நாளில் ‘காய்ச்சல்’ என்று நின்றுவிடும் பிள்ளைகளில் சிலருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை, ஸ்வெட்டர் இருப்பதில்லை. அரசு தரும் புத்தகப் பையும் காலணியும் போதும் என்று பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். புதுத் துணி வேண்டாம், சீருடையே நல்லது, கூட்டத்தில் அடையாளம் காணவும் அதுவே உதவும். ஸ்வெட்டர், குல்லாய்களைப் பள்ளியே முன்னாள் மாணவர்களிடம் கேட்டுச் சேர்த்துத் துவைத்து வைத்துக்கொண்டு, கேட்பவர் யார் என்று பார்க்காமல் எல்லாருக்கும் பேருந்தில் ஏறியபின் கொடுத்தால் எவரும் தனியாகத் தெரியமாட்டார்கள். செலவுப் பணத்துக்கு உச்சவரம்பு வைத்து, எல்லாருக்கும் ஒரே தொகை என்று சொல்லிவிடலாம்.

எடையும் முக்கியம். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. எஞ்சிய இரண்டு கிலோவில் என்ன வைக்கலாம் என்பதை வகுப்பில் தராசு வைத்துக் குழுவாக முடிவுசெய்யச் சொல்லுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் இது நல்ல அளவைப் பாடம். தின்பண்டப் பொட்டலங்களைத் தாங்களே வெளியே எடுத்து வைப்பார்கள், கொஞ்சம் வருத்தத்தோடு.

திரும்பி வந்த மறுநாள் ஆசிரியர் தோள்பையைக் காலிசெய்து, செலவானதை நிரப்பி, காலாவதித் தேதிகளை ஓர் அட்டையில் எழுதிப் பையின் பட்டையில் கட்டிவிடுங்கள். விளையாட்டுப் போட்டிக்கோ அறிவியல் கண்காட்சிக்கோ அடுத்த வாரமே பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டி வரலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் புதிதாக எழுதினால் போதும்.