உங்களுக்குத் தெரியுமா? ஸ்பீக்கர் வாங்கும் முன் காதில் போட்டுக்கொள்ள…

● கீச்சுக் குரலுக்கான சின்ன ஸ்பீக்கருக்கு ‘ட்வீட்டர்’, கனத்த குரலுக்கான பெரியதற்கு ‘வூஃபர்’ என்று பெயர் வந்தது ஒரு குருவியாலும் ஒரு நாயாலும். ஆங்கிலக் குருவி ‘ட்வீட்’ என்னும், ஆங்கில நாய் ‘வூஃப்’ என்னும். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் கீச்சான், லொள்ளன் என்று ஆகியிருக்கும்.

● அலமாரியில் அடங்குகிற ஸ்பீக்கருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1954-க்கு முன்னால் வீட்டில் நல்ல பேஸ் கேட்க வேண்டுமென்றால் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி வேண்டும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்ற ஆசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிப்பது அதன் விளிம்பிலுள்ள விறைப்பான மடிப்பு. அந்த மடிப்புதான் ஒலியைக் கெடுக்கிறது. அதைத் தளர்த்திவிட்டு, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்தால் என்ன? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்திருந்தால் இது உடனே புரியும். உள்ளே இருக்கும் காற்று கையைத் திருப்பித் தள்ளும், அதுவும் ஒரே சீராக.

பெரிய கம்பெனிகள் யோசனையை வேண்டாமென்றன. வில்ச்சூர் தன் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து ‘அகௌஸ்டிக் ரிசர்ச்’ என்ற பெயரில் தானே ஒரு கம்பெனி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் மேடையில் நிஜ வயலின் கச்சேரியை நடத்தி, நடுவில் சத்தமில்லாமல் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுவார்கள். கலைஞர்கள் வில்லை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். எந்த இடத்தில் மாற்றினார்கள் என்று கூட்டத்தில் பெரும்பாலோருக்குப் பிடிபடவில்லை.

● பெயர்தான் புக்‌ஷெல்ஃப். புத்தகங்களுக்கு நடுவே செருகி வைத்தால் அதன் குரல் அடைபட்டுப்போகும். அலமாரியை விட்டால் வேறு இடமில்லை என்றால், பெட்டியின் முகம் பலகையின் விளிம்புக்குச் சமமாக வரும்படி முன்னுக்கு இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளியிருந்தால், கீழ்ப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி பாடகரின் குரலோடு கலந்து குழப்பும்.

● ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். பெட்டிக்குள் கைவிட்டு அடாப்டரை எடுத்துப் பாருங்கள். ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’ என்றிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 24 வாட். சுவரிலிருந்து 24 வாட்தான் வருகிறது, மீதி 976 வாட் அச்சுக்கூடத்தில் தயாரானது. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று போட்ட கணக்கை மட்டும் நம்பலாம்.

● அதையும்விட முக்கியமான ஒரு எண்ணை யாரும் கேட்பதில்லை: சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதுதான் அது. 85 டெசிபல் போட்ட ஸ்பீக்கருக்கும் 88 போட்டதற்கும் பார்வைக்கு மூன்றுதான் வித்தியாசம். ஆனால் மூன்று டெசிபல் என்றால் இரண்டு மடங்கு மின்சாரம். 88-ஐ 50 வாட் ஆம்ப்ளிஃபயரில் எவ்வளவு சத்தமாகக் கேட்கலாமோ, அதே சத்தத்துக்கு 85-க்கு 100 வாட் வேண்டும். ஸ்பீக்கரில் மிச்சம் பிடித்த காசு ஆம்ப்பில் போய்விடும்.

40 வாட் ஆம்ப்புக்கும் 50 வாட் ஆம்ப்புக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம்? சுமார் ஒரு டெசிபல். அந்தப் பத்து வாட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

● 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 ரூபாய் மின்சாரம் கொடுத்தால் 40 பைசாவுக்குத்தான் பாட்டு. மீதியெல்லாம் காயிலில் சூடு.

● தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, ஸ்பீக்கர் பெட்டியையும் அப்படித் தட்டிப் பாருங்கள். பலன் மட்டும் தலைகீழ். கணீரென்று ஒலித்தால் தேங்காய் நல்லது, ஸ்பீக்கர் மோசம். விரல் கணுவால் பக்கவாட்டில் தட்டினால் செங்கல்லைத் தட்டியதுபோல ‘மொத்’தென்று கேட்க வேண்டும். பெட்டி தானும் சேர்ந்து பாடக் கூடாது. தேக்கில் செய்தால் உசத்தி என்று தச்சர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த வேலைக்கு எங்கும் ஒரே அடர்த்தியாக இருக்கும் எம்.டி.எஃப். பலகையே பொருத்தம். ஒரே பயம் தண்ணீர். வீடு கழுவும்போது கீழே வைத்துவிடாதீர்கள், ஊதிவிடும்.

● நீங்கள் விலை கேட்காமலே வாங்கி வைத்திருக்கும் மூன்றாவது ஸ்பீக்கர் உங்கள் அறை. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி தானாகவே வீங்கும். பன்னிரண்டு அடி என்றால் சுமார் 47. பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் இந்த இரண்டு எண்களும் பாட்டுக்குள்ளேயே அடிக்கடி வந்து போகும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வீக்கம் இரண்டாகப் பிரிந்துகொள்வதால் பரவாயில்லை. பத்துக்குப் பத்து அறையில், கூரையும் பத்தடி உயரமாக இருந்துவிட்டால், மூன்று வீக்கமும் ஒரே ஸ்வரத்தில் வந்து விழும். எத்தனை விலைக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் அங்கே அந்த ஒரு ஸ்வரம் மட்டும் ‘கும்’மென்று மிதக்கும்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்தக் கும் அதிகம். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே பேஸ் காணாமல் போகும். நாற்காலியை ஒரு முழம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். புது ஸ்பீக்கர் வாங்கியதுபோல இருக்கும், செலவில்லாமல்.

● எங்கள் வீட்டு ஸ்டீல் பீரோவின் கைப்பிடிக்குச் சங்கீத ஞானம் உண்டு. ஒரே ஒரு பேஸ் ஸ்வரத்துக்கு மட்டும் கிர்ர்ரென்று கூடவே பாடும். ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் சந்தேகப்பட்டேன். கடைசியில் தீர்த்து வைத்தது கைப்பிடிக்கு அடியில் ஒட்டிய ஒரு துண்டு சைக்கிள் ட்யூப்.

● டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் கொண்ட ஹாலில் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். வாலாக ஒரு ‘ட்ரிங்’ கேட்டால், ட்வீட்டர் கூசுகிறது என்று பின்னால் குறை சொல்லப்போவது அதைத்தான். ஒரு ஜமக்காளமும் திரைச்சீலையும் பாதி வேலையை முடித்துவிடும்.

● ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கடைகளில் கிடைக்கும் ஸ்டாண்டுகள் சோபாவில் உட்காருகிறவரின் காதுக்குக் கணக்குப் பண்ணியவை. பாய் விரித்துச் சம்மணம் போட்டுக் கேட்கிறவரின் காது தரையிலிருந்து இரண்டரை அடிக்குள்தான் இருக்கும். உங்கள் வீட்டில் யார், எங்கே, எப்படி உட்கார்ந்து கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு ஸ்டாண்டுக்குப் பணம் கொடுங்கள். ஒரு பக்கம் இரண்டு செங்கல் வைத்து நிமிர்த்தினாலும் பாவமில்லை.

● பெட்டியில் இருக்கும் ஓட்டை அலங்காரமல்ல. கோலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு ‘பூம்’ வருகிறதல்லவா, அதே கணக்கில் பேஸைத் தூக்கிக் கொடுப்பதற்கான துவாரம் அது. பாட்டிலுக்கான கணக்கு ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்தது. ஸ்பீக்கருக்கு அதை ஒழுங்காகப் போட்டுக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். ஓட்டை பின்பக்கம் இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி ஓட்டையில் செருகலாம், கும் அடங்கும். வேடிக்கையாகச் சொல்லவில்லை, சில கம்பெனிகள் இதற்கென்றே பஞ்சு அடைப்பான் கொடுக்கின்றன.

சாக்ஸுக்கு இன்னொரு பயனும் உண்டு. என் இடது ஸ்பீக்கரில் ஒருமுறை பாட்டு நின்ற பிறகும் தாளம் கேட்டது. உள்ளே பல்லி.

● ஐந்து மீட்டர் தூரத்துக்கு வீட்டு வயரிங்கில் போடுகிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டால், போய்வர அதன் தடை சுமார் 0.12 ஓம். ஸ்பீக்கரின் 8 ஓமுக்கு முன்னால் அது தூசு. தங்க முலாம் பூசிய கேபிளைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

● ஆனால் அந்தக் கம்பியைத் திருப்பி மாட்டினால் கதை வேறு. ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பேஸ் மெலிந்துபோகும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடிக்கும் வழி அழகானது. 1.5 வோல்ட் பென் டார்ச் செல் ஒன்றை வயர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுப்பார்கள். செல்லின் ப்ளஸ் சிவப்பில் பட்டால் வூஃபர் வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் மாற்றி மாட்டியிருக்கிறது. (பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்கள் மட்டும் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி.)

செல் இல்லையா? டி.எம்.எஸ். பாடிய 1960-களின் தமிழ் சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவை மோனோ, இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலிதான். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்தால் டி.எம்.எஸ். சரியாக நடுவில், யாரும் இல்லாத வெற்றிடத்தில் நின்று பாட வேண்டும்.

● அந்த வெற்றிடத்துக்குச் சொந்தக்காரர் ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேயர். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் இருக்க, குரல் வேறெங்கோ இருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிப்போட்டார்.

● வீட்டுக்கென்று செய்து தோற்ற ஸ்பீக்கர் ஒன்று உலகம் முழுக்க ஸ்டூடியோக்களை ஆண்டது. யமஹா 1978-ல் கொண்டுவந்த என்.எஸ்.-10, வெள்ளைக் கூம்பு வைத்தது. இனிமை போதவில்லை என்று வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்று ஒலிப்பதிவாளர்கள் கொண்டாடினார்கள். அவர்களுக்கும் அதன் ட்வீட்டர் கூசத்தான் செய்தது. அதனால் அதன்மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டார்கள்.

● பி.பி.சி. 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக ஒரு குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது: எல்.எஸ். 3/5ஏ. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். வேனுக்குள் அறிவிப்பாளரின் குரல் இயல்பாகக் கேட்டால் போதும் என்பதுதான் நோக்கம். இன்றும் அதன் வாரிசுகள் விற்பனையில் இருக்கின்றன. விலையைக் கேட்டால் வேனையே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

● ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற வடிவமைப்பாளர் பல பத்தாயிரம் டாலர் விலையுள்ள ஸ்பீக்கர்களைச் செய்துகொண்டிருந்தவர். அதே ஆள் பயோனியருக்காகச் சோடி 130 டாலர் அளவில் ஒன்றைச் செய்து கொடுத்தார். 2015-ல் எலாக் கம்பெனிக்கு ‘டெபூ’ வரிசை. மலிவு விலையிலும் கணக்கு ஒழுங்காக இருந்தால் ஒலி ஒழுங்காக இருக்கும் என்று காட்டிய வேலை அது. முப்பதாயிரம் ரூபாயில் முழு செட் என்றால் இருபதை ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள் என்பேன். ஆம்ப்புகள் மலிந்து கிடக்கின்றன.

● ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே ஸ்பீக்கர்களைத் திரை போட்டு மறைத்தும் திரையை விலக்கியும் கேட்க வைத்து மதிப்பெண் வாங்கினார்கள். 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். கண் திறந்ததும் மதிப்பெண் மாறியது. பெட்டியின் அளவும் பெயரும் விலையும் காதுக்குள் புகுந்துவிட்டன.

கடையில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. விற்க வேண்டியதைக் கொஞ்சம், ஒரே ஒரு டெசிபல், சத்தமாக வைத்தால் போதும். அது ‘சத்தம்’ என்று தெரியாது, ‘தெளிவு’ என்று தோன்றும். நான் ஒருமுறை இப்படி ஏமாந்து ஒரு சோடியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் வால்யூம் திருகை என் கையில் கொடுங்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

● பழைய ஸ்பீக்கர் வாங்கலாம், தாராளமாக. முதலில் கூம்பின் விளிம்பைத் தொடுங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பழைய அப்பளம்போல உதிர்ந்திருக்கும், மாற்றச் செலவு உண்டு. பிறகு இரண்டு கை விரல்களையும் விரித்து வைத்து வூஃபரை நேராக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். மணல் உரசுவதுபோலச் சத்தம் வந்தால் காயில் தேய்கிறது. விற்பவர் பார்க்காவிட்டாலும் அதைத் திருப்பி அங்கேயே வைத்துவிடுங்கள்.

● ட்வீட்டரின் குமிழ் குழிந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

● கடைக்குப் போகும்போது கடைக்காரரின் ‘டெமோ’ பாட்டை நம்பாமல், நூறு முறை கேட்ட உங்கள் பாட்டை எடுத்துப் போங்கள். கூடவே ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். பெரும்பாலான தோல் வாத்தியங்களின் ஒலியில் ஸ்வரம் கலங்கித்தான் இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்புக் கரணை அந்தக் கலக்கத்தைப் போக்கி, தந்தி வாத்தியம்போல ஒழுங்கான மேல்ஸ்வரங்களைத் தருகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதிய விஷயம் இது. அதனால் வலந்தலையின் ‘நம்’, ‘தீம்’ இரண்டும் வேறு வேறு ஸ்வரமாகத் தெரிந்தால் ட்வீட்டரும் வூஃபரும் கைகோத்திருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து, ரவை பூசிய இடந்தலை. வித்வான் உள்ளங்கையை அழுத்தி இழுத்துக் கும்கி கொடுக்கும்போது ஸ்வரம் வளைந்து மேலே ஏறும். அந்த வளைவு தனியாகத் தெரிகிறதா, இல்லை எல்லா அடியும் ஒரே ‘தும்’மாக விழுகிறதா? கடைக்காரர் வாட் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் அந்த இடது கையை மட்டும் கேளுங்கள்.