பறப்பது பதினொரு மணி நேரம். போய்ச் சேர்வது எப்போது?

சென்னையிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், "பதினொரு மணி நேரம்" என்று உடனே விடை வரும். பயணிக்கு அது போதும். சரக்கு அனுப்பும் வணிகருக்குப் போதாது என்பதை நாங்கள் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதலில் தூரம். சென்னை விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரூ சுமார் 8,200 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் ஒன்பது மணி சொச்சம். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்வதும், மேலே ஏறுவதும், இறங்க முறை வரும்வரை வட்டமிடுவதும் இதோடு சேரும். வழியும் எப்போதும் நேராக இருப்பதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. வழி அடைபட்டால் சுற்றித்தான் போக வேண்டும்.

காற்றும் கணக்கில் உண்டு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது பின்னிருந்து தள்ளும். ஆகவே லண்டனிலிருந்து வருவதற்குச் சுமார் 10 மணி நேரமே ஆகும்.

அடுத்தது கடிகாரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை நாலரை மணி பின்னால். ஜனவரியில் காலை 5.30க்குப் புறப்படும் விமானம் அவர்கள் கடிகாரத்தில் பகல் 11க்கு இறங்கும். "இன்று அனுப்பினால் இன்றே சரக்கு" என்று நினைக்கத் தோன்றும்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு வருடம், வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு லண்டனில் உள்ள நம்மவர் கடைக்கு முருங்கைக்காய் தருவதாக ஒப்புக்கொண்டோம். திங்கள் மாலை ஒட்டன்சத்திரத்தில் கொள்முதல் செய்தோம். இரவே லாரி கிளம்பியது. செவ்வாய் சென்னையில் தரம் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடைத்தோம். தாவர நலச் சான்றிதழ், கஸ்டம்ஸ் எல்லாம் முடியப் புதன் மதியம் ஆனது. அதற்குள் அன்றைய விமானம் போய்விட்டது. மறுநாள் விமானத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குப் பிறகு மீந்த இடத்தில்தான் சரக்கு என்று சொல்லி, எங்கள் பெட்டிகளில் பாதியை வெள்ளிக்கு ஒதுக்கிவிட்டார்கள். வியாழன் இறங்கிய பாதியும் அங்கே சோதனை முடிந்து, வெள்ளி மாலைதான் கடை சேர்ந்தது. பொங்கல் வியாபாரம் முடிந்திருந்தது.

கொள்முதலிலிருந்து கடை வரை நான்கு நாள், அதாவது 96 மணி நேரம். அதில் வானில் கழிந்தது 11 மணி நேரம். மீதி 85 மணி நேரமும் தரையில்! நஷ்டத்தை அந்தக் கடைக்காரரும் நாங்களும் ஆளுக்குப் பாதியாக ஏற்றோம். அவர் பெருந்தன்மை அது.

அன்று முதல் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறோம். வாங்குபவர் கடையில் சரக்கு இருக்க வேண்டிய நாளை முதலில் குறித்து, அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வருகிறோம். விமானக் கிடங்கு சரக்கை எத்தனை மணிவரை ஏற்கும் என்பதை ஏஜெண்டிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்கிறோம். ஒரு விமானம் தவறினாலும் சமாளிக்க ஒரு நாள் கையிருப்பு வைக்கிறோம். தாமதமானால் நஷ்டம் யாருக்கு என்பதையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குகிறோம்.

ஆகாயத்தில் மணியை மிச்சப்படுத்த நம்மால் ஆகாது. தரையில் ஆகும்.