சீன மொழியின் தொடரமைப்புகளும் இரண்டாம் மொழிக் கற்பித்தலும்: சில அவதானிப்புகள்

சீன மொழிக்கு இலக்கணம் இல்லை என்ற கூற்று ஐரோப்பியரிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. வேற்றுமை உருபுகள், கால இடைநிலைகள், எண் பால் விகுதிகள் ஆகியவற்றின் தொகுதியே இலக்கணம் என்று கொண்டோருக்கு, இவற்றைப் பெரும்பாலும் காட்டாத ஒரு மொழி இலக்கணமற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை. லத்தீனை அளவுகோலாகக் கொண்ட பார்வையின் விளைவு அது. ஆயின், இக்கூற்றுக்கு ஒரு நடைமுறை விளைவும் உண்டு. இலக்கணம் இல்லாத மொழியை விளக்கிக் கற்பிக்க இயலாது. பழகிப் பழகியே பெறவேண்டும். அவ்வாறாயின், பழகுவதற்கு ஓய்வும் வசதியும் உடையோருக்கே அம்மொழி உரியதாகும். எனவே சீன இலக்கணத்தை எவ்வாறு விளக்குவது என்ற வினா, அம்மொழி யாருக்கு எட்டும் என்ற வினாவோடு பிணைந்துள்ளது.

1

இப்பிணைப்பைச் சீன அறிஞரே முதலில் உணர்ந்தனர் எனலாம். சீனர் ஒருவர் எழுதிய முதலாவது முழுமையான இலக்கண நூலாகக் கொள்ளப்படும் மா ஜியென்ஜுங்கின் ‘மாஷி வென்துங்’ 1898இல் வெளிவந்தது. எழுத்து மொழியைக் கற்பதிலேயே சீனச் சிறுவரின் ஆண்டுகள் பல கழிகின்றன, விதிகள் தெளிவுபடின் அக்காலம் குறுகும், பிற துறைகளைக் கற்க வழி பிறக்கும் என்பது அவரது நோக்கம். பழைய செந்நடையில் தேர்ச்சி பெற்றோருக்கே அரசபதவி கிட்டிய தேர்வுமுறை 1905 வரை நிலவியதை மனங்கொண்டால் இந்நோக்கத்தின் சமூக முக்கியத்துவம் புலப்படும். ஆயினும் அவர் கைக்கொண்ட மாதிரி லத்தீன் இலக்கணமே. 1919 மே நான்கு இயக்கத்தையொட்டிப் பேச்சுமொழி எழுத்துமொழியாக உயர்வு பெற்றபின், 1924இல் லீ ஜின்ஷி பேச்சுமொழிக்கு இலக்கணம் வகுத்தார். வாக்கியத்தை அவர் அடிப்படையாகக் கொண்டது ஒரு முன்னேற்றமே. எனினும் ஆங்கில இலக்கண மாதிரியின் செல்வாக்கு அதிலும் காணப்பட்டது.

பிறமொழியாளருக்குச் சீனம் கற்பிக்கும் முயற்சி சீன மக்கள் குடியரசில் 1950இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில், கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த மாணவருக்கென அமைக்கப்பட்ட வகுப்புடன் தொடங்கிற்று. அவ்வனுபவத்தின் பயனாக 1958இல் வெளிவந்த பாடநூல் இலக்கணத்தைப் படிமுறையாக ஒழுங்குபடுத்தியது. அமெரிக்காவில் சாவோ யுவென்ரென் 1948இல் வெளியிட்ட பாடநூல் பேச்சுமொழியின் தொடரமைப்புகளைப் பயிற்சி வாயிலாகப் பதியவைக்க முற்பட்டது. சொல்லொழுங்கும் இடைச்சொற்களுமே சீன இலக்கணத்தின் உயிர்நிலை என்பதும், தொடரமைப்பை அலகாகக் கொண்டு கற்பிப்பதே பொருத்தம் என்பதும் படிப்படியாக வலுப்பெற்றன.

ஆயின், தொடரமைப்பை வெறும் வாய்பாடாகக் கொள்ளும்போது புதியதொரு தவறு நிகழ்கின்றது. ஓர் அமைப்பு எளிதா கடினமா என்பது அவ்வமைப்பின் தனிக்குணம் அன்று. கற்பவரின் முதல்மொழிக்கும் அதற்குமுள்ள உறவினாலேயே அது தீர்மானிக்கப்படுகின்றது. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். சீனத் தொடர்களில் தொனி வேறுபாடுகள் இங்கு குறிக்கப்படவில்லை.

2

‘வோ சுவோதியென் சாய் தூஷூகுவான் கான் ஷூ’ என்ற தொடரின் சொற்களை அவற்றின் வரிசையிலேயே பெயர்த்தால் ‘நான் நேற்று நூலகத்தில் படித்தேன் புத்தகம்’ என அமையும். இறுதி இரு சொற்களின் இடத்தையும், இடப்பொருள் தரும் ‘சாய்’ பெயருக்கு முன் நிற்பதையும் தவிர்த்தால், இது தமிழ் ஒழுங்கே. காலமும் இடமும் வினைக்கு முன் வருகின்றன. ஆங்கிலத்தில் இவை வழக்கமாக வினைக்குப் பின் செல்லும். ஆதலால் ஆங்கிலேயருக்கென எழுதப்பட்ட நூல்கள் இவ்வமைப்பைத் தனிச் சிக்கலாகக் கொண்டு வலியுறுத்துகின்றன.

பெயரடைத் தொடரில் இவ்வொற்றுமை மேலும் தெளிவு. ‘வோ மாய் தெ ஷூ’ என்பது ‘நான் வாங்கிய புத்தகம்’. பெயரெச்ச விகுதி செய்யும் பணியை இங்கு ‘தெ’ என்ற இடைச்சொல் செய்கின்றது. தமிழ்ப் பெயரெச்சம் காலம் காட்டும், ‘தெ’ காட்டாது என்பதே கவனிக்கவேண்டிய வேறுபாடு. ஆங்கிலமோ புத்தகத்தை முதலிற் கூறி, வாங்கிய செய்தியைப் பின்னர் இணைக்கும். ஆங்கில விளக்கத்தின் வழியே இதனைக் கற்கும் தமிழ் மாணவர் தமது மொழியில் இயல்பாக உள்ள ஒழுங்கை ஆங்கிலத்துக்கு மாற்றி, மீண்டும் தலைகீழாக்கிச் சீனத்துக்கு வரவேண்டியுள்ளது. தமக்கு இல்லாத ஓர் இடர்ப்பாட்டை அவர் முதலிற் கற்று, பின்னர் அதனைக் கடக்கக் கற்கிறார்.

3

‘லெ’ என்னும் இடைச்சொல் பற்றிய விளக்கம் இதனினும் முக்கியமானது. இதனை இறந்தகாலக் குறி எனக் கற்பவர் விரைவிலேயே தடுமாறுவர். ‘தா சுவோதியென் ஹென் மாங்’ (அவர் நேற்று மிகவும் வேலையாக இருந்தார்) என்பதில் இறந்தகாலம் உண்டு, ‘லெ’ இல்லை. ‘மிங்தியென் வோ ச்சி லெ ஃபான் ஜியூ ச்சூ’ என்பதில் ‘லெ’ உண்டு. அது கூறுவதோ நாளைய செயல். இதன் பொருள்: ‘நாளை நான் சாப்பிட்டுவிட்டுப் போவேன்’. இத்தமிழ்த் தொடரிலேயே விளக்கம் அடங்கியுள்ளது. ‘சாப்பிட்டுவிட்டு’ என்பது இறந்தகாலத்தைக் குறிக்கவில்லை. ஒரு செயல் முற்றுப்பெற்ற பின்னர் மற்றொன்று நிகழும் என்பதையே குறிக்கின்றது. வினையை அடுத்து வரும் ‘லெ’ உணர்த்துவதும் இம்முற்றுத்தன்மையே.

தொடரிறுதியில் வரும் ‘லெ’ நிலைமை மாறிவிட்டதை உணர்த்தும். ‘ஷியா யூ லெ’ என்பதற்கு ‘மழை வந்துவிட்டது’ என்பதே நேர்ப்பொருள். சன்னலைத் திறந்து பார்ப்பவர் வாயில் இத்தொடர் வரும் சூழலைக் காட்டினால் நீண்ட விதி தேவைப்படாது. தமிழ்த் துணைவினைகளை அறிந்தவருக்குக் கால வாய்பாட்டை விட இவ்விளக்கம் அண்மையானது.

4

எனினும் முதல்மொழி எப்பொழுதும் துணையாக அமைவதில்லை. ‘வோ பா ஷூ ஃபாங் சாய் ஜுவோஸ ஷாங்’ (நான் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்) என்னும் தொடரில் செயப்படுபொருளுக்கு முன் ‘பா’ வருகின்றது. ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பவற்றின் வேறுபாட்டை அறிந்த தமிழர், குறித்த ஒரு பொருளையே ‘பா’ சுட்டும் என்பதை எளிதில் உணர்வர். அதனாலேயே ‘பா’வை இரண்டாம் வேற்றுமை உருபெனக் கருதும் ஆபத்தும் உண்டு. ‘நான் அவனை விரும்புகிறேன்’ என்பது ‘வோ ஷிஹுவான் தா’. இங்கு ‘பா’ வரவே முடியாது. ஏனெனில் விருப்பம் அவனை எவ்வகையிலும் மாற்றவில்லை. 1940களில் வாங் லீ இவ்வமைப்பை, ஒரு பொருளைக் கையாண்டு அதற்கு ஏதேனும் செய்தலைக் கூறும் அமைப்பு என்று விளக்கினார். பொருள் இடம் மாறவேண்டும், உடையவேண்டும், கழுவப்படவேண்டும். வினையோடு அதன் விளைவும் கூறப்படவேண்டும்.

பல வகுப்புகளில் ‘பா’ தொடர் சாதாரணத் தொடரின் உருமாற்றமாகப் பயிற்றப்படுகின்றது. மாணவர் நூறு தொடர்களை மாற்றி எழுதியும், பேசும்போது அதனைத் தவிர்த்துவிடுகின்றனர். புத்தகத்தை மேசையிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்காட்டி, ‘என்ன செய்தேன்?’ என்று வினவும் ஆசிரியர், அமைப்பு எழுந்த தேவையையே மாணவர் முன் வைக்கிறார். உருவம் தேவையிலிருந்து பிரிக்கப்படும்போது அது மனனத்துக்குரிய சடப்பொருளாகிவிடுகின்றது.

5

2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீனமொழித் தேர்ச்சித் தரநிலை, ஒன்பது படிகளில் 572 இலக்கணக் கூறுகளை வரிசைப்படுத்தியுள்ளது. பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் இத்தகைய பட்டியல் வேண்டியதே. ஆயின் பட்டியல் எல்லா மாணவருக்கும் ஒன்று. அதனுள் இருக்கும் இடர்ப்பாடுகள் ஒன்றல்ல. எக்கூறுகள் தமிழருக்கு எளியன, எவை ஏமாற்றும் ஒற்றுமை உடையன, எவை முற்றிலும் புதியன என்பதை வகைப்படுத்தும் பணி தமிழையும் சீனத்தையும் நேரடியாக ஒப்பிட்டே செய்யப்படவேண்டும்.

இது மொழிப்பற்றின்பாற்பட்ட கோரிக்கையன்று. மூன்றாவது மொழியொன்றின் வாயிலாக மட்டுமே சீனம் கற்பிக்கப்படுமாயின், அம்மூன்றாவது மொழியை முன்னரே பெற்றோர் மட்டுமே அதனை அடைவர். கிராமப் பாடசாலையில் தாய்மொழியில் பயின்ற மாணவர் வாயிலிலேயே நிறுத்தப்படுவர். இலக்கணத்தால் காலம் குறுகும் என்று 1898இல் மா ஜியென்ஜுங் நம்பினார். அந்நம்பிக்கை மெய்ப்படுவது, கற்பவர் ஏற்கெனவே அறிந்த மொழியிலிருந்து விளக்கம் தொடங்கும்போதே ஆகும்.